பெட்டி வண்டியின் உதறல்

வைரக்கண்ணுவின் வண்டி ஊரார் பார்க்க நின்றுபோனது இராஜாங்கம் வீட்டுச் சாவில்தான். இராஜாங்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாரண்யம் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவருடைய ஊர். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். அவர்கள் வந்து சேர மறுநாள் மதியம் ஆகும் என்பதால், உடலை வைத்திருக்க ஐஸ் பெட்டி வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே போன் வந்துவிட்டது. எட்டரைக்கெல்லாம் வைரக்கண்ணு பெட்டியோடு அந்தத் தெருவுக்குள் திரும்பினார். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. நாற்காலிகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே போக வேண்டியிருந்ததால், ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்த பாதத்தை மெல்லத் தளர்த்தினார்.

தளர்த்தினால் வண்டி அடங்க வேண்டும். அது அடங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல முன்னால் துள்ளியது. உடனே பிடித்து இழுத்தது போலப் பின்வாங்கியது. மறுபடி துள்ளியது. பெட்டியின் கண்ணாடி மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. பறை அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதியில் என்ஜின் இரண்டு முறை இருமி அணைந்தது. சாவியைத் திருப்பினார், பிடித்தது. பத்தடி நகர்ந்து மறுபடி அணைந்தது. கடைசியில் நாலு பேர் தள்ளித்தான் வண்டி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இறந்தவருக்கு இன்னும் போக மனசு வரவில்லை போலிருக்கிறது என்று வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னாள். அதைக் கேட்டு வீட்டுக்குள் அழுகை புதிதாகக் கிளம்பியது. வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை இறக்கி, கூடத்தில் வைத்து, வயரை இழுத்து ப்ளக்கில் மாட்டினார். கிளம்பும்போது இராஜாங்கத்தின் பங்காளி ஒருவர் அவரைத் தனியே அழைத்துப் போய், பெட்டியைத் திரும்ப எடுக்க வரும்போது வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், நாங்களே தூக்கிவந்து ஏற்றிவிடுகிறோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார். அது வைரக்கண்ணுவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. ஒன்பது வருடமாக இந்த வேலை. அதற்கு முன் அண்ணனோடு சேர்ந்து குத்தகைக்குச் சம்பா போட்டார். இரண்டு வருடம் அடுத்தடுத்து ஆற்றில் தண்ணீர் வராமல், மூன்றாம் வருடம் புயல் அடித்து, அண்ணன் நிலத்தை வைத்துக்கொண்டார், தம்பி விலகிக்கொண்டார். காய்கறி வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய பெட்ரோல் வேனை வாங்கினார். முன்சீட்டுக்கு அடியிலேயே என்ஜின் இருக்கும் சின்ன வேன் அது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம் என்றுதான் நினைத்திருந்தார். அந்தச் சமயத்தில் திருத்துறைப்பூண்டியில் ஐஸ் பெட்டி வைத்திருந்த ஒருவர் தொழிலை விட்டுப் போக, அது இவர் கைக்கு வந்தது. யாராவது செய்துதானே ஆக வேண்டும் என்று செய்யத் தொடங்கினார்.

அதன் பிறகு அந்த வண்டியில் அவரைத் தவிர யாரும் ஏறியதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் தெரிந்தவர்கள்கூட இவர் வருவதைக் கண்டால் போனை எடுத்துப் பார்ப்பார்கள். டீக்கடைக்காரர் டீ கொடுப்பார், ஆனால் வண்டியைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வரச் சொல்வார். சாவு வீட்டில் இவரை எதிர்பார்த்து வாசலில் நிற்பார்கள். பெட்டியை வைத்து முடித்ததும் இவர் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள். மறுநாள் எடுக்கும்வரை இரண்டு மூன்று தடவை போய், மின்சாரம் இருக்கிறதா, குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியில் படியும் ஈரத்தைத் துடைத்துவிட்டு வருவார். மற்ற நேரம் தெருவோரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்.

மனைவி அம்சம் திருப்பூரில் மகளோடு இருந்தாள். மகளுக்கு வரன் பார்த்தபோது, பெண்ணின் அப்பா பெட்டி வண்டிக்காரர் என்று தெரிந்து இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாகத் திருப்பூரில் அமைந்தது. மகளின் பிரசவத்துக்குப் போன அம்சம், பேத்தி நடக்கட்டும் என்றாள், பிறகு பள்ளிக்கூடம் சேரட்டும் என்றாள். சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்வாள். என்ன சமைத்தீர்கள் என்று கேட்பாள்.

வண்டியின் உதறல் உண்மையில் ஐப்பசியிலேயே தொடங்கியிருந்தது. வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போதும் ஒன்றும் இல்லை. நல்ல தூரம் ஓடிய பிறகு, வேகம் குறையும்போது மட்டும்தான் வரும். முதலில் கொண்டுபோய்க் காட்டிய மெக்கானிக் வண்டியை வாசலோடு நிறுத்தச் சொல்லி, ப்ளக்குகளை மாற்றி, நாலு முறை சர்ரென்று முறுக்கிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்றார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றார். இரண்டாவது மெக்கானிக், பெட்டியை இறக்கி வைத்து, வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். வைரக்கண்ணு அப்படியே செய்தார். அந்த ஆள் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், காற்று போகும் த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார், அவரும் நின்ற இடத்திலேயே முறுக்கிப் பார்த்தார். வண்டி நன்றாகத்தான் உறுமியது. ஓட்டிக் காட்டுகிறேன், பக்கத்தில் உட்காருங்கள் என்று கூப்பிட்டபோது அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறை நீங்கள் காலை எடுக்கிற பக்குவத்தில்தான் இருக்கிறது, நிதானமாக ஓட்டுங்கள் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஒருவேளை அப்படித்தானோ என்று வைரக்கண்ணுவுக்கும் சந்தேகம் வந்தது. டிராக்டரையும் சேர்த்து இருபது வருடமாக ஓட்டுகிற கால் இப்போது எப்படிப் பழுதாகும் என்று கேட்டுப் பார்க்கவும் ஆள் இல்லை. தெரு வருவதற்கு முன்பே நியூட்ரலுக்குத் தள்ளி உருட்டிக்கொண்டு போகப் பழகினார். சில நாள் அது கைகொடுத்தது. இராஜாங்கம் வீட்டில் கைகொடுக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. காலிப் பெட்டியோடு வாய்க்கால் கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தார். அறுவடைக் காலம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று மீதிச் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுங்குவதற்காக வேகத்தைக் குறைத்தார். வண்டி துள்ளியது, உதறியது, அணைந்தது. என்ஜின் அணைந்ததால், பிரேக்கும் இரண்டு முறை மிதித்ததும் கல்லாக இறுகிவிட்டது. வண்டி கரையில் சரிந்து, ஒரு முன்சக்கரம் விளிம்புக்கு வெளியே தொங்க நின்றது. கீழே வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நெல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கிட்டே வந்ததும் பின்கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தார்கள். நின்றுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் இருந்த இடத்திலிருந்தே தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். பின்சக்கரத்துக்கு அடியில் வைக்கோலையும் செங்கல்லையும் அடைத்து, அரைமணி நேரம் போராடி, தனியாகவே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் தோன்றவில்லை.

உதிரிபாகக் கடையில் விசாரித்தபோதுதான் மீரா உசேனைப் பற்றிச் சொன்னார்கள். சவுதியில், தம்மாமில், இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். முத்துப்பேட்டை சாலையில் தகரக் கொட்டகை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை, அதிகம் பேசமாட்டார், வேலை சுத்தமாக இருக்கும் என்றார்கள். அன்றே அவருக்குப் போன் செய்து, பெட்டி வண்டி என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வைரக்கண்ணு அங்கே போனபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வைரக்கண்ணு பழக்கத்தில் வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளியே நிறுத்தியிருந்தார். உள்ளே கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார் மீரா உசேன். பெட்டி உள்ளே இருக்கிறது என்று வைரக்கண்ணு சொன்னதற்கு, அது தெரிகிறது என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் இதுவரை யாரும் கேட்காதவை. காலையில் முதல் சவாரியிலேயே வருகிறதா, இல்லை சூடான பிறகா. பாதத்தைச் சட்டென்று எடுத்தால் வருகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் வருகிறதா. என்ஜின் விளக்கு எரிந்ததா. மேட்டில் எப்படி, பள்ளத்தில் எப்படி. வைரக்கண்ணு யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். விளக்கு எரிந்ததே இல்லை. முக்கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் வரும். சட்டென்று எடுத்தால் பெரும்பாலும் வராது, மெல்ல எடுத்தால் வரும். இதைச் சொல்லும்போதே அவருக்கு ஒன்று புரிந்தது. கொட்டகைகளில் எல்லோரும் முறுக்கிவிட்டுச் சட்டென்றுதான் விட்டிருந்தார்கள்.

மீரா உசேன் உள்ளே போய், வண்டியின் கம்ப்யூட்டரில் ஓடும் எண்களைக் காட்டும், கைக்கு அடக்கமான ஸ்கேனர் ஒன்றை எடுத்து வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் அதன் வயரைச் செருகினார். நின்ற இடத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்றார்.

"ஓட்டறவரு ரோட்டைப் பாக்கணும், இன்னொருத்தர் இந்த நம்பரைப் பாக்கணும். ஒத்தை ஆளால ஆவாது. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வைரக்கண்ணு கதவருகே நின்றார். "பாய், பின்னால பெட்டி இருக்கு. இறக்கி வெச்சுட்டு வேணா..."

"எடையோட வர்றதைத்தானே பாக்கணும். இருக்கட்டும் தம்பி. வண்டியை எடுங்க."

இடதுபக்கச் சீட்டில் வயர்ச் சுருள், ஊதுபத்திக் கட்டு, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் கிடந்தன. வைரக்கண்ணு அவற்றை அள்ளிப் பின்னால் போட்டார். சீட்டின் மேலிருந்த தூசியைத் தட்டினார். மீரா உசேன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவு திறந்து மூடி வெகுகாலம் ஆனதால் இரண்டு முறை இழுத்து அடிக்க வேண்டியிருந்தது.

வேதாரண்யம் சாலையில் போனார்கள். பக்கத்தில் ஆள் இருப்பது வைரக்கண்ணுவுக்குச் சங்கடமாக இருந்தது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. எதையாவது பேச வேண்டும் போலிருந்ததால், போகிற வழியில் இருந்த ஊர்களை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே அறுவடை முடிந்துவிட்டது, அங்கே மிஷின் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள், இந்த மதகில் போன வருடம் உடைப்பு. அவருக்கு எல்லா ஊரும் ஏதாவதொரு சாவு வீட்டை வைத்துத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டு வந்தார். மீரா உசேன் எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். நாற்பது நிமிடம் வரை வண்டி பட்டுப்போல ஓடியது. மெல்லத் தளர்த்திப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வைரக்கண்ணுவுக்கு வியர்த்தது. கடைசியில் இவரும் கால் பக்குவத்தைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தார்.

வெளிச்சம் உப்பளத்து உப்பு மேட்டில் பட்டுக் கண் கூசத் தொடங்கிய இடத்தில், சாலையோரம் நெல் கொட்டியிருந்தார்கள். வைரக்கண்ணு பாதத்தைத் தளர்த்தினார். வண்டி துள்ளியது. பின்னால் கண்ணாடி கடகடத்தது. மறுபடி துள்ளி, உதறியது.

"அப்படியே புடிங்க," என்றார் மீரா உசேன். குரல் மாறவில்லை. "மறுபடி கொஞ்சம் மிதிச்சு, அதே மாதிரி விடுங்க."

மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் உதறியது. நான்காவதில் அணைந்தது. வண்டியை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினார்கள்.

இருவரும் இறங்கி முன்சீட்டைத் தூக்கினார்கள். அனல் முகத்தில் அடித்தது. த்ராட்டிலின் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒட்டியிருந்த ஒரு பாகத்தை மீரா உசேன் காட்டினார். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. முதலில் அதற்கு வரும் வயரை ஆட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். வயரில் குறை இல்லை. பிறகு பையிலிருந்து பழைய முள் மீட்டர் ஒன்றை எடுத்தார். எண் காட்டும் மீட்டர் கண்மூடித் திறப்பதற்குள் நடப்பதைக் காட்டாது, முள்தான் காட்டும் என்று சொல்லி, அதைச் சென்சார் வயரில் இணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். விரலால் த்ராட்டிலை மெல்ல மெல்லத் திறந்தார். முள் மெல்ல ஏறியது. மெல்ல மூடினார். முள் இறங்கிக்கொண்டே வந்து, முழுதும் மூடுவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு இடத்தில் துள்ளியது. திரும்பச் செய்தார். அதே இடத்தில் துள்ளியது.

"பாத்தீங்களா? உள்ள ஒரு தடம் இருக்கு, அது மேல ஒரு சின்னக் கம்பி உரசிக்கிட்டே இருக்கும். இந்த ஒரு இடத்துல தடம் தேஞ்சு போச்சு. சூடானா தொடர்பு விட்டுப்போவுது. நீங்க காலைத் தளர்த்தறீங்க, ஆனா நீங்க அமுக்கிட்டதா கம்ப்யூட்டருக்குச் சேதி போவுது. அது பெட்ரோலை ஊத்துது. அடுத்த நொடியே இல்லைங்குது. அதான் இழுத்து இழுத்து உதறுது."

"அப்ப என் கால்ல ஒண்ணும் இல்லீங்களா?"

"உங்க காலு சரியாத்தான் இருக்கு. இந்த வண்டி எப்பவும் மெதுவாவே போவுது போல. அந்த இடத்துலயே உரசி உரசித் தேஞ்சிருக்கு. வேகமாப் போற வண்டின்னா வேற இடத்துல தேஞ்சிருக்கும்."

ஐப்பசியிலிருந்து வைரக்கண்ணுவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போலிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என்ஜின் ஆறும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்தார்கள். உப்புப் பாத்திகளில் ஆட்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து மீரா உசேன் வேறொரு குரலில் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம், முத்துப்பேட்டையில் பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெட்டி கொண்டுவந்தீர்களா என்றார்.

வைரக்கண்ணு யோசித்தார். அந்தத் தெருவுக்கு இரண்டு மூன்று முறை போயிருக்கிறார்.

இறந்தது தன் மனைவி ஜன்னத் பீவி என்றார் மீரா உசேன். அப்போது அவர் தம்மாமில் இருந்தார். அவர்கள் வழக்கத்தில் உடலை அப்படி வைத்திருக்க மாட்டார்கள். மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கெஞ்சியதால் ஒரு இரவும் மறுநாள் மதியம் வரையும் வைத்திருந்தார்கள். ஆனால் வேலை பார்த்த இடத்தில் பாஸ்போர்ட் கைக்கு வரவே இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இனிமேல் காத்திருக்க வேண்டாம், அடக்கம் செய்துவிடுங்கள் என்று அவரே போனில் சொன்னார். மச்சினன் வீடியோவில் காட்டினார். பெட்டியின் கண்ணாடி முழுக்க ஈரம் படிந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை.

"அப்ப ஒரு கை வந்து துண்டால துடைச்சுது. ஒரு பத்து நொடி நல்லாத் தெரிஞ்சுது. அப்பறம் சிக்னல் போயிட்டுது. யாரு துடைச்சதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். எங்க வீட்டு ஆளு யாரும் இல்லைன்னுட்டாங்க. நேத்து நீங்க போன்ல பெட்டி வண்டின்னு சொன்னப்பதான் தோணிச்சு."

வைரக்கண்ணு கைகளைப் பார்த்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். நல்ல முகம், தூங்குவது போல இருந்தார்கள் என்று இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தன் வண்டியில் வந்து உட்கார்ந்த ஒரே மனிதரிடம் அப்படிச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"துடைச்சது நானாத்தான் இருக்கும், பாய். அது என் வேலைதான். ஆனா அந்த அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்லீங்க. நான் யாரு முகத்தையும் பாக்கறதில்ல. பாத்தா ராத்திரி தூக்கம் வராது. கண்ணாடியை மட்டும் பாத்துத் துடைச்சுட்டு வந்துடுவேன்."

காற்று உப்புத் தூசியைக் கொண்டுவந்து உதட்டில் போட்டது. மீரா உசேன் எழுந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"துடைச்சீங்க இல்ல. அது போதும்," என்றார்.

திரும்பி வரும்போது இருவரும் பேசவில்லை. ஆனால் வைரக்கண்ணுவுக்கு அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. பாதம் எந்த அளவில் இருக்கும்போது உதறல் வரும் என்று இப்போது தெரிந்திருந்ததால், அந்த அளவில் நிறுத்தாமல் பாதத்தைச் சட்டென்று எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

சென்சாருக்கு மீரா உசேன் தஞ்சாவூர்க் கடைக்குப் போன் செய்தார். மறுநாள் மதிய பஸ்ஸில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. இரண்டே இரண்டு திருகுகள்தான். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, முழுதும் மூடிய நிலையில் எண் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து இறுக்குவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து மாத அவதி அவ்வளவுதான் என்று நம்ப வைரக்கண்ணுவுக்குக் கஷ்டமாக இருந்தது. சூடாக்கிப் பார்க்காமல் கையை விடமாட்டேன் என்றார் மீரா உசேன். மறுபடி வேதாரண்யம் சாலையில் போனார்கள். நாற்பது நிமிடம் தாண்டியது, உப்பளம் வந்தது. வைரக்கண்ணு எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாகத் தளர்த்தினார். ஓடிவந்த மாடு தொழுவத்தில் அடங்குவது போல வண்டி அடங்கியது. ஸ்கேனரில் எண் ஒவ்வொன்றாக இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. இனித் திரும்பலாம் என்று மீரா உசேன் சொல்லவில்லை. வைரக்கண்ணுவும் கேட்கவில்லை. கடல் தெரியும் இடம் வரை போய், அங்கே ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

நாலு நாள் கழித்து வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. உப்பளத்தில் வேலை பார்த்து வந்த ஒருவர். தெரு குறுகல், சிறுவர்களும் சைக்கிள்களும் நிறைய. வண்டி சத்தமில்லாமல் உள்ளே போய் வாசலில் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் அவர் இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்து, ப்ளக்கை மாட்டி, மாலையில் கண்ணாடியைத் துடைக்கப் போனபோது அவருடைய கை கொஞ்சம் தயங்கியது. பிறகு துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். சவரம் செய்யாத முகம். காதில் பழைய கடுக்கன் துளை. வெயில் பட்டுப் பட்டுக் கறுத்த நெற்றி. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து மீரா உசேனுக்குப் போன் செய்து, உதறல் இல்லை என்று மட்டும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்றார் அவர். வைரக்கண்ணு ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சம் போன் செய்தாள். வண்டி சரியாகிவிட்டது என்றார். வண்டிக்கு என்ன என்று அவள் கேட்டாள். அவளிடம் இதுவரை ஒன்றுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐப்பசியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வாய்க்கால் விளிம்பில் சக்கரம் தொங்கியதையும் சொன்னார். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பங்குனியில் பேத்திக்கு நாலு நாள் லீவு வருகிறது, அவளை மகளிடம் விட்டுவிட்டு நான் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்துடறேன். வண்டி இப்ப நல்லாப் போவுது, ஒரு ஆட்டம் இல்ல," என்றார்.



"வேணாங்க," என்றாள். "நான் ஆட்டோ புடிச்சு வந்துக்கறேன்."

சரி என்றார். எந்த பஸ் என்று கேட்டார். தேதியைச் சொல்லி, காலை ஆறு மணிக்கு வந்து சேரும் பஸ் என்றாள். அந்தத் தேதியைக் காலண்டரில் சுழித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஐந்தரைக்கு முன்பே கிளம்பி, நடந்தே போய் நின்றுகொள்ளலாம் என்று அரிசியைக் களையும்போது நினைத்துக்கொண்டார்.